மணமாகாத பிள்ளைகள் பிரிவு

விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற கூடம் அது. உள்ளே எந்நேரமும் குளிர். கனத்த கோட்டு, தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, இத்தனையும் மாட்டிக்கொண்டு ஓடும் பட்டையின் ஓரமாக நிற்க வேண்டும். ஒருத்தி ரொட்டி வைப்பாள், அடுத்தவள் வெண்ணெய், அதற்கடுத்தவள் கரண்டிப் பொட்டலம். வெல்டரின் மனைவிக்குக் கரண்டி. வேலை நேரத்தில் பேசக் கூடாது என்பது சட்டம். ஆனால் வெண்ணெய் வைப்பவளுக்கு ரேடியோ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

"அக்கா, விஷயம் தெரியுமா? குடியேற்றச் சட்டத்தையே மாத்தப் போறாங்களாம்."

"என்னவாம்?"

"புருஷன், பொண்டாட்டி, சின்னப் பசங்க. அவ்வளவுதான் இனிமே குடும்பம். வளந்த பிள்ளை, அண்ணன் தம்பி எல்லாம் கணக்குல கிடையாது. அவங்க வரணும்னா படிப்புக்கு இத்தனை, வயசுக்கு இத்தனைன்னு மார்க்கு எடுத்துத்தான் வரணுமாம்."

"வளந்துட்டா பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?"

"எங்க வீட்டுல அப்படித்தான். கல்யாணமானதுல இருந்து எம்மகன் ஒரு ஃபோன் பண்றதில்ல. இந்தச் சட்டத்தை எழுதினவனுக்கு அவனை நல்லாத் தெரிஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். கரண்டி இல்லாமலே மூன்று தட்டுகள் போய்விட்டன. சூப்பர்வைசர் பட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வெல்டரின் மனைவி குனிந்து கரண்டிப் பொட்டலங்களை எண்ணுவதுபோல் நின்றாள். அவளுடைய ஒரே மகன் வளர்ந்த பிள்ளைதான். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த கணவனுக்கு இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி வந்தபோது, பையனுக்கு வயது வரம்பு இரண்டு மாதம் தாண்டியிருந்தது. அவனை ஊரிலேயே விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் வந்தார்கள். வந்த கையோடு அவள் தன் பெயரில் மகனுக்காக மனுப் போட்டாள். அதற்கென்று ஒரு பிரிவு இருந்தது: மணமாகாத வளர்ந்த பிள்ளைகள். இங்கே வந்து சேர்கிறவரை அவன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. செய்தால் வரிசையில் இடம் போய்விடும்.

இரண்டு வருஷத்தில் வந்துவிடுவான் என்று நினைத்தார்கள். எட்டு ஆகிவிட்டது.

அந்த வரிசைக்கு ஒரு விசித்திரம் உண்டு. மாதம் தவறாமல் அலுவலகம் ஒரு தேதியை அறிவிக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்களை மட்டும் அழைப்பார்கள். சில மாதம் தேதி ஒரு வாரம் நகரும். சில மாதம் அசையாது. சில மாதம் பின்னாலேயே போய்விடும். வெல்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்ப்பார். தேதி பின்னால் போனால், "போன மாசத்தைவிட இந்த மாசம் நாம இளமையாயிட்டோம்டி," என்று சிரிப்பார். மகனுக்கென்று சின்ன அறையை ஒழித்து வைத்திருந்தார். யாருக்கும் வாடகைக்கு விட மாட்டார்.

போன வருஷம் அவர் நுரையீரல் கெட்டு, போய்ச் சேர்ந்தார். அப்பனின் அடக்கத்துக்காவது வந்து போகிறேன் என்று மகன் கேட்டான். குடியேற வரிசையில் நிற்பவன் விருந்தாளியாக வந்தால் திரும்பிப் போக மாட்டான் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். ஃபோனில்தான் பார்த்தான். அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபோன் சரிந்து சரிந்து போயிற்று. "அம்மா, கொஞ்சம் நேரா பிடிம்மா, அப்பா முகம் தெரியல," என்று நடுவில் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வேலை முடிந்து வந்ததும் மகனை அழைத்தாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"மசோதாதாம்மா. இன்னும் சட்டம் ஆகல. ஒரு வருஷத்துக்குள்ள முறை வர்றவங்களை உள்ள விட்டுடுவாங்கன்னு போட்டிருக்கான். நமக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கு. தேதி ஒரு தாவு தாவினா தப்பிச்சுடலாம்."

"அந்தப் பொண்ணு?"

"அவ புரிஞ்சுக்குவா."

அப்படியே அப்பன் குரல். வெல்டரும் தேதியைப் பற்றி இப்படித்தான் பேசுவார்.

அந்தப் பெண் ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். படிக்கிற காலத்திலிருந்தே இருவருக்கும் பழக்கம். பெண்ணின் வீட்டாரிடம், "ரெண்டே வருஷம், அவன் அங்க போனதும் இவளை அழைச்சுக்குவான்," என்று வாக்குக் கொடுத்தவர் வெல்டர்தான். அவர் போய்விட்டார், வாக்கு இவள் தலையில் நின்றது.

வாரக் கடைசியில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

"அத்தை, சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு. அத்தை, நான் சண்டை போடக் கூப்பிடல. கடையில இன்னிக்கு ஒரு அம்மா மாத்திரை வாங்க வந்தாங்க. 'உனக்கு எத்தனை பிள்ளைங்க'ன்னு கேட்டாங்க. 'கல்யாணம் ஆச்சா'ன்னு கேக்கல அத்தை, 'எத்தனை'ன்னு கேட்டாங்க. நான் ரெண்டுன்னு சொல்லிட்டேன்."

இவள் ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"அவனைக் கேட்டா இன்னும் ஒரு வருஷம்ங்கிறான். அந்த ஒரு வருஷம் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவன் உன்னை விட மாட்டாம்மா."

"விட மாட்டான். பிடிக்கவும் மாட்டான்."

மறுநாள் இடைவேளையில், கோட்டைக் கழற்றாமலே தேநீர் குடித்துக்கொண்டு, அந்தச் சட்டம் நிஜமாகவே வருமா என்று ரேடியோவிடம் கேட்டாள். ரேடியோ கையை வீசினாள். "தேர்தல் வந்தா இப்படி ஒண்ணு கிளப்பி விடுவாங்க அக்கா. அப்புறம் கிணத்துல போட்ட கல்லுதான். பேசாம வரிசையில நில்லுங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டபோதுதான் வெல்டரின் மனைவிக்குப் பயம் எது என்று பிடிபட்டது. அந்தச் சட்டம் வந்தால் வரிசை தானாகவே அறுந்துவிடும். அவன் அழுதுவிட்டு வாழ ஆரம்பிப்பான். வராமல் போனால்? தேதி நகரும், நிற்கும், பின்னால் போகும். அவன் நின்றுகொண்டே இருப்பான்.

இரவெல்லாம் அவள் தனக்காக வாதாடிப் பார்த்தாள். இந்த வீட்டில் பேச ஆள் இல்லை. காய்ச்சல் வந்தால் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. மகன் வந்து நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஒரே நினைப்பில்தான் தினமும் அந்தக் குளிருக்குள் போய் வருகிறாள். அந்த நினைப்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டு என்ன செய்வாள்?

விடுமுறை நாளில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனாள். எள் போட்டால் விழாத கூட்டம். அவள் முறை வந்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"வாபஸா? நிஜமாவா? இங்க வர்றவங்க எல்லாம் சீக்கிரம் பண்ணுங்கன்னுதான் கத்துவாங்க. வேணாம்னு சொல்லி யாரும் வந்ததில்ல."

"நான்தாங்க மனுப் போட்டேன். நானே எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம். நீங்க மட்டும்தான் எடுக்க முடியும். ஆனா எடுத்தா அந்த இடம் திரும்பக் கிடைக்காது. புதுச் சட்டம் வந்துடும்னு பயந்து பண்றீங்களா? அது வெறும் யோசனைதாம்மா. வராமலே போகலாம்."

"தெரியும். வராமப் போயிடுமோன்னுதான் பயம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

அன்றைக்கே மகனிடம் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"உன் மனுவை வாபஸ் வாங்கிட்டேன்."



"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. உங்கப்பாவைக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பாரு."

"எட்டு வருஷம்மா!"

"அவளுக்கும் அதே எட்டுதாண்டா. போய் அவளைக் கட்டிக்கிட்டு நல்லா இரு."

"நல்லா இருக்கவா? நான் எதுக்கு அங்க வரணும்னு நின்னேன்னு நெனச்ச? சம்பளத்துக்கா? அப்பா போனப்ப கண்ணாடிக்குள்ள பாத்தேன். நீ போறப்பவும் அப்படித்தான் பாக்கணுமா? அப்ப யாரும்மா ஃபோன் பிடிப்பாங்க?"

அவன் வேலைக்காகவும் வசதிக்காகவும்தான் நிற்கிறான் என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தனக்காக நின்றான் என்பது இப்போதுதான் தெரிகிறது. தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாளா? யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள் போட்டிருப்பேன் என்று தோன்றும், ஒரு நாள் மாட்டேன் என்று தோன்றும்.

அவன் தொடர்பைத் துண்டித்துவிட்டான். அதன் பிறகு கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் ரேடியோ பட்டை ஓரத்தில் வந்து நின்றதும் நிற்காததுமாக அறிவித்தாள். "அக்கா, இனிப்பு வாங்கித் தாங்க! மசோதாவைக் கிடப்புல போட்டுட்டாங்க. தேதியும் ஒரே தாவா ஏழு மாசம் தாவியிருக்கு. உங்க மகன் இதோ வந்துட்டான்னு வச்சுக்குங்க."

வெல்டரின் மனைவி வாபஸ் வாங்கியதை யாரிடமும் மூச்சுவிட்டிருக்கவில்லை. "அப்படியா," என்றாள். அன்றைக்குக் கரண்டி இல்லாமல் ஒரு தட்டுக்கூடப் போகவில்லை.

இன்னும் சில வாரங்கள் கழித்து மருந்துக்கடைப் பெண் கூப்பிட்டாள்.

"வந்தான் அத்தை. 'இனி வரிசை இல்ல, கல்யாணம் பண்ணிக்கலாம்'னான். முடியாதுன்னு அனுப்பிட்டேன்."

"ஐயோ, ஏண்டி?"

"வரிசை போனதுல மிச்சம் விழுந்தவளா நான்? ஒழுங்காக் கேக்கத் தெரிஞ்சா வான்னேன். திரும்ப வந்தான். அழுதான். உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினான். அப்புறம்தான் சரின்னேன்."

"என்னைத் திட்டினதுக்கா சரின்ன?"

"பின்ன? எங்க வீட்டுல உங்களைத் திட்டாத ஆளே இல்ல. அவனும் குடும்பத்துல சேர்ந்துட்டான்னு அர்த்தம்."

இவள் வாய்விட்டுச் சிரித்தாள். வெல்டர் போன பிறகு அந்த வீட்டுச் சுவர்கள் அதைக் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கியதும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உங்ககிட்ட பேச மாட்டானாம். மனசு ஆறலயாம். ஆனா நீங்க வராம கல்யாணம் கிடையாதாம். அதையும் அவன் சொல்ல மாட்டானாம், நான்தான் சொல்லணுமாம்."

மறுநாள் வேலை தொடங்குமுன் சூப்பர்வைசரிடம் போய் விடுப்புக் கேட்டாள்.

"கல்யாணமா? நல்ல விஷயம். எத்தனை நாள்?"

அவள் முழித்தாள். மகன் எப்போது வருவான் என்று கணக்குப் போட்டே பழகிய மனசு. தான் போனால் எப்போது திரும்புவோம் என்று யோசித்ததே இல்லை.

"அரை வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா உங்க தங்குற உரிமையே போயிடும், தெரியும்ல?" என்றார் அவர், கொஞ்சம் அக்கறையாகவே.

"தெரியும் சார்."

"அப்ப எப்ப வருவீங்க? உங்க இடத்துல ஆள் போடணுமா வேணாமா?"

"அவன் எங்கிட்ட பேசட்டும் சார். அப்புறம் சொல்றேன்," என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு குளிருக்குள் போனாள்.