எசென்குல் இறந்த நாளின் விருந்து

வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் ஆட்களைக் கூட்டமாக கிர்கிஸ்தானுக்குக் கூட்டிவரும்போது, விமானத்திலிருந்து இறங்குவது முதல் திரும்ப ஏறுவது வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். பிஷ்கெக்கில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் பலர் இருந்தாலும் ஜிபாரைத் தேடி வருகிறவர்கள் ஒரு காரணத்துக்காகத்தான் வந்தார்கள். அவள் நடத்தும் பயணத்தில் எது கெட்டாலும் விருந்தாளிக்குத் தெரியாது. பஸ் மலைப்பாதையில் படுத்துவிட்டால் அங்கேயே புல்லில் கம்பளத்தை விரித்து, ரொட்டியும் தேனும் வைத்து, இந்த இடத்தில் நிற்பதாகத்தான் முதலிலிருந்தே இருந்தது என்று எல்லாரையும் நம்பவைத்துவிடுவாள். அவளோடு வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

ஜெர்மனியிலிருந்து வரும் கூட்டங்களை அவள் எப்போதும் சோங்-கோல் ஏரிக்குத்தான் கொண்டுபோவாள். கோடை முழுக்க அவளுடைய அண்ணன் எசென்குல் தன் குதிரைகளோடும் ஆடுகளோடும் அந்த மேய்ச்சல் மேட்டில் இருப்பான். கம்பளிக் கூடாரங்கள் போடுவது, குதிரை விளையாட்டுக்கு ஆள் திரட்டுவது, ஆடு அறுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் அவன் பக்கத்தில் உட்காரத்தான் போட்டி போடுவார்கள். ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இவன் நம்ம சித்தப்பா மாதிரியே இருக்கான் பாரு, அதே மூக்கு, அதே கஞ்சத்தனம்" என்று ஏதாவது சொல்வான். ஜிபார் அதில் பாதியை மாற்றித்தான் மொழிபெயர்ப்பாள்.

அந்த ஆண்டு ஜூலையில் மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆட்கள் நாற்பது பேர் வந்தார்கள். கம்பெனி சார்பில் ஏற்பாடுகளைக் கவனிக்கும் பிர்கித் என்ற பெண் வசந்த காலத்திலேயே ஒருமுறை வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அப்போது எசென்குல் அவளுக்குத் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றித் தலையில் வைத்து, "அடுத்த தடவை வரும்போது எனக்கு ஒரு பைனாகுலர் கொண்டாரச் சொல்லு. என் குதிரைங்க எவன் புல்லைத் திங்குதுன்னு இங்கிருந்தே பாத்துக்குவேன்" என்றான்.

விருந்து நாளன்று காலை கூட்டம் அடிவாரத்து ஊரான கோச்கோரில் பஸ் ஏறுவதற்கு முன்பே ஜிபார் ஜீப்பில் கிளம்பிவிட்டாள். வண்டியை ஓட்டியவன் அவள் சித்தப்பா மகன் உலார்பெக். கணவாயைத் தாண்டினால் போனில் சிக்னல் கிடையாது. அதனால் மேலே போய்ச் சேரும்வரை அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

கூடாரங்கள் வரிசையாக நின்றன. நீண்ட மேசை மேல் துணி விரித்திருந்தது. பெண்கள் பெரிய சட்டியில் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் வண்டியைப் பார்த்து ஓடிவரவில்லை. அண்ணி சால்கின் மட்டும் ஈரக் கையோடு மெதுவாக நடந்து வந்தாள்.

"அண்ணன் எங்க அண்ணி? இன்னும் எந்திரிக்கலையா?"

சால்கின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடியக்காலைல குதிரைக் குட்டியைப் பிடிச்சுக் குடுத்தாரு, நான் பாலைக் கறந்தேன். நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குன்னு வந்து உக்காந்தாரு. டீ ஊத்தி நீட்டுனேன். கையை நீட்டலை ஜிபார்."

உலார்பெக் ஜீப்பின் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

கடைசிக் கூடாரத்தில் எசென்குல் கிடந்தான். முகவாயைக் கட்டி, முகத்தை மேற்கே திருப்பி, மேலே துணியைப் போர்த்தியிருந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தாள். முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை. மீசையில் ஒரு புல் ஒட்டியிருந்தது. அதை எடுத்தாள். அண்ணன் செத்துக் கிடக்கும்போது தங்கை போடும் ஒப்பாரிதான் மலை முழுக்கக் கேட்க வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் சால்கின் தோளில் கை வைத்தாள்.

"பஸ் எங்க வருது இப்போ?"

"கணவாய் ஏறிக்கிட்டிருக்கும்."

உலார்பெக் வாசலில் நின்று சொன்னான்: "நான் போய் மறிச்சிடறேன்க்கா. சாவு வீடுன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. மனுஷங்கதானே."

சால்கின் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அவளும் இத்தனை வருடமாக ஜிபார் விருந்தாளிகளைக் கவனிப்பதைப் பார்த்து வருகிறவள்தானே. "நாற்பது பேரை வாசல் வரைக்கும் வரவச்சு, சாப்பாடு போடாம எப்படித் திருப்புறது? உங்கண்ணன் நேத்தே ஆட்டை அறுத்து வச்சிட்டாரு. வந்து சாப்பிட்டுப் போகட்டும். அவங்க போற வரைக்கும் நாங்க யாரும் வாயைத் திறக்க மாட்டோம்."

"சரி அண்ணி" என்றாள் ஜிபார்.

சொன்ன பிறகுதான் எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே பட்டது. உலார்பெக் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"இது நல்லா இல்லக்கா."

"தெரியும். நீ குதிரைக்காரங்களைப் பாரு."

அவன் தொப்பியைக் கண் வரை இறக்கிவிட்டுக்கொண்டு போனான். கடைசிக் கூடாரத்தின் வாசல் கம்பளியை இறக்கிக் கட்டினார்கள். சால்கின் உள்ளே பிணத்தோடு உட்கார்ந்துகொண்டாள்.

எசென்குலின் ஒரே மகள் பெகாயிம் நாரின் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். பக்கத்து மேட்டுக்காரர் ஒருவர் விடிந்ததுமே சிக்னல் கிடைக்கும் இடம் வரை குதிரையில் இறங்கிப்போய் அவளுக்குப் போன் செய்திருந்தார். சாவைப் போனில் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று மட்டும் சொல்லியிருந்தார். அதற்குள் ஜிபாரின் ஜீப் சிக்னல் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

பஸ்கள் வந்தன. ஜிபார் சிரித்த முகத்தோடு படியருகே நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். பெண்கள் ரொட்டியையும் புளித்த குதிரைப்பாலையும் ஏந்தி வந்தார்கள். குதிரைக்காரர்கள் ஓட்டத்திலேயே சாய்ந்து தரையில் கிடந்த துணியை எடுத்துக் காட்டினார்கள். இறந்தவனோடு சேர்ந்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒருவன் துணியை எடுத்துக்கொண்டு அப்படியே குதிரையை ஏரிப் பக்கம் விட்டவன் வெகுநேரம் திரும்பவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது என்று விருந்தாளிகள் போட்டோ எடுத்தார்கள்.

பிர்கித் அந்த வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "எங்க நம்ம ஆளு? என் தலையைப் பாத்து ஏதாவது சொல்வாருன்னு காலைலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்."

"ரெண்டு ஆடு வழி தவறிடுச்சு. தேடிப் போயிருக்காரு" என்றாள் ஜிபார்.

"அடடா. எப்ப வருவாரு?"

"தெரியலை. மலைதானே."

பிர்கித் பையிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்தாள். உள்ளே பைனாகுலர். "வரலைன்னா நீங்களே குடுத்திடுங்க. குதிரையைப் பாக்கறதுக்குன்னு சொல்லுங்க."

ஜிபார் அதை வாங்கிக்கொண்டு கடைசிக் கூடாரத்துக்குள் போனாள். "என்னது?" என்று சால்கின் கிசுகிசுத்தாள். "அண்ணனுக்கு" என்றாள் ஜிபார். சால்கின் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் வராமல் முன்னும் பின்னும் ஆடினாள். ஜிபார் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து, மேசையில் டீ குறைந்த கிண்ணங்களைப் பார்த்து நிரப்பச் சொன்னாள்.

கறிச்சோறு முடிந்து இனிப்பு வைக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. பெகாயிம் இறங்கினாள். ஜிபார் மேசையின் மறு கோடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நடந்தாள். அதற்குள் பெகாயிம் பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டாள். கட்டிய வாசலையும் பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கம்பளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குரல் எழுந்தது.

அப்பா வளர்த்த குதிரைகளின் பெயரைச் சொல்லி, அவர் தன்னை முன்னால் உட்காரவைத்துக் கடந்த ஆறுகளின் பெயரைச் சொல்லி, இனி எந்த வாசலில் போய் இறங்குவேன் என்று கேட்டு அவள் பாடினாள். மேசையில் பேச்சு அடங்கியது. சட்டியருகே இருந்த பெண்கள் தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"யார் பாடறது?" பிர்கித் கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

நாற்பது முகங்கள் ஜிபாரைப் பார்த்தன. அவள் வாய் தானாகத் திறந்தது. "எங்க பழைய பாட்டு. பொண்ணு அப்பனை நினைச்சுப் பாடறது."

விருந்தாளிகள் ஒவ்வொருவராக எழுந்து அந்தக் கூடாரத்தின் முன்னால் போய் மரியாதையோடு நின்றார்கள். ஒரு வயதானவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். உள்ளே பெகாயிம் மூச்சு வாங்க நிறுத்தியபோது, பாட்டு முடிந்தது என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள்.

வாசல் கம்பளி விலகியது. பெகாயிம் முகம் முழுக்க நனைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லிக்கொடுக்கும் பாடமே ஆங்கிலம்தான். கம்பளிச் சுவருக்கு வெளியே அத்தை சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் ஜிபாரைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில் "நன்றி" என்றாள். கம்பளியைக் கீழே விட்டாள். அதற்குப் பிறகு உள்ளிருந்து சத்தம் வரவில்லை.

பஸ்கள் கிளம்பும்போது ஜிபார் படியில் ஏறவில்லை. பிர்கித்தைத் தனியாக அழைத்தாள்.

"நான் வரலை. ஹோட்டல்ல என் ஆளுங்க எல்லாம் பாத்துக்குவாங்க. இன்னிக்குக் காலையில என் அண்ணன் செத்துட்டாரு."

பிர்கித்துக்குப் புரிய நேரம் பிடித்தது. கூடாரத்தைப் பார்த்தாள். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க கைதட்டினோமே."

"உங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே. ஏன் சொல்லலை? நாங்க திரும்பிப் போயிருப்போமே ஜிபார்."

ஜிபார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டவர்களைப் பார்த்தாள். "மத்தவங்களுக்கு ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் சொல்லாதீங்க. நல்லபடியா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். பிர்கித் தொப்பியைக் கையில் பிடித்தபடியே பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

புழுதி அடங்குவதற்குள் மேட்டில் அழுகை வெடித்தது. ஆண்கள் கம்பை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்று "என் அண்ணனே, என் மலையே" என்று கதறினார்கள். உலார்பெக்தான் முதலில் நின்றான். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். ஜிபாரும் போய் உட்கார்ந்தாள். தங்கை தொடங்கட்டும் என்று மற்றவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். அவளுக்கு வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பக்கத்தில் பெகாயிம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் பாடவில்லை. கீழே ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. பெற்ற மகள் அப்பனுக்கு அழாமல் நின்றாளே என்று ஊர் பேசியது. சால்கின் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

நாற்பதாம் நாள் சடங்குக்கு ஜிபார் போனபோது, வந்தவர்கள் கலைந்த பிறகு பெகாயிம் அவளுக்கு டீ ஊற்றினாள்.

"என் மேல கோவமாம்மா?"

"உங்க மேல மட்டும் இல்ல அத்தை."

"அண்ணிதான் சொன்னாங்க, அவங்க போற வரைக்கும்..."

"அம்மா சொல்லத்தான் செய்வாங்க. வாசலுக்கு வந்தவங்களுக்குச் சோறு போடணும், அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும். நீங்கதான் வேண்டாம்னிருக்கணும்." பெகாயிம் டீயைக் கீழே வைத்தாள். "அதைக்கூட விட்டுடறேன். அவங்க கைதட்டினப்போ நானும் நன்றின்னேன் பாருங்க. அப்பா உள்ள கிடக்காரு. யார் சொல்லிக்குடுத்தா எனக்கு அதை? ராத்திரி படுத்தா அதுதான் ஞாபகம் வருது. அப்பா மூஞ்சி வரமாட்டேங்குது."

ஜிபார் அவள் கையைத் தொடப் போனாள். பெகாயிம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கையில் உயிரே இல்லை.

வேறு தொழில் தெரியாததால் ஜிபார் அதே வேலையைத்தான் செய்தாள். சோங்-கோலுக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போகவில்லை. அந்த மருந்துக் கம்பெனியிலிருந்து பிர்கித்தின் இடத்துக்கு வந்த வேறொருவன் போன் செய்து, போன தடவை பாடிய பெண் இந்தத் தடவையும் கிடைப்பாளா, எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டான். வேறு ஏற்பாட்டாளர் ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு ஜிபார் போனை வைத்தாள்.

வருஷம் முடிந்து பெரிய சாப்பாடு போட்டார்கள். அன்றோடு துக்கம் கழிகிறது. கடைசியாக ஒருமுறை பெண்கள் கூடி அழுவார்கள். ஜிபார் போய்ச் சேர்ந்தபோது கூடாரத்திலிருந்து ஒரு குரல் தனியாகக் கேட்டது. பெகாயிமின் குரல். குதிரைகள், ஆறுகள், வாசல். மகள் கடைசியில் பாடிவிட்டாள் என்று வெளியே ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜிபார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, பெண்களின் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

பெகாயிம் திரும்பிப் பார்த்தாள். குரல் நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. மறுபடி வாயைத் திறந்தாள், வரவில்லை. "அத்தை" என்று மட்டும் சொன்னாள். அதில் கோபம் இல்லை, ஒரு கெஞ்சல்தான் இருந்தது.

ஜிபார் எழுந்தாள். சால்கின் அவள் பாவாடை நுனியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு ஆண்களின் வரிசைக் கடைசியில் போய் நின்றாள். உலார்பெக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். சற்று நேரத்தில் உள்ளே குரல் மறுபடி தொடங்கியது. முடியும்வரை அவள் அங்கேயே நின்றாள்.