வாயசைப்பு

பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது. பள்ளிக்கூடத்து மதிலுக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில் மோட்டார் இழுத்து, இளைத்து, நின்றது. இந்தப் பக்கம் ‘ஸ’ பிடித்து நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், அடி கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டுகிற நெல் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். ஒருத்தன் மேலே போனான், ஒருத்தி கீழே இறங்கினாள், நவீன் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டான் என்றே சொல்லலாம்.

தாளம் போட்ட வெரோனிகா டீச்சரின் கை தொடையிலேயே நின்றுவிட்டது. ஆறு மாதமாகச் செய்துவந்த தப்பு இப்போதுதான் உறைத்தது. பாட்டு வகுப்புக்கு ஒரு சுருதிப் பெட்டி கேட்டு அலுத்துப்போய், மில் சத்தத்தையே சுருதியாக வைத்துக்கொண்டவள் அவள். பகுதி நேர டீச்சர் வேறென்ன செய்வாள்? “மில்லு எங்க நிக்குதோ அதான் ஸ. அதுமேல ஏறுங்க” என்றாள். பிள்ளைகளும் ஏறினார்கள். ஏழு பேரை மேடைப் படிகளில் நிறுத்தி ஆளுக்கொரு ஸ்வரம் என்று பெயர் வைத்தாள். ‘நி’யாக நின்ற அருள்ஜோதி சும்மா நிற்கமாட்டான், மேல்படிக்குத் தாவப் பார்ப்பான். “அவனுக்கு மேல் ஸ கிட்ட போவற அவசரம். நி-ன்னா அப்படித்தான் இழுக்கும்” என்றதும் வகுப்பே ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. அந்த ஏழு படியை வைத்துப் பிள்ளைகளே ஒரு பாட்டும் கட்டினார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற பாட்டு. ஆண்டு விழாவில் பாட வேண்டியது அதுதான்.

ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது.

தலைமை ஆசிரியர் இராமச்சந்திரன் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்.

“இன்னா டீச்சர், மில்லு படுத்தா உங்க புள்ளைங்களும் படுத்துடுதுங்க?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவேன் சார்.”

“வேணாம்மா. டென்ஷன் பண்ணாதீங்க. பென் டிரைவ்ல வரவேற்புப் பாட்டு வெச்சிருக்கேன், மெட்ராஸ்ல நல்லா பாடுறவங்க பாடினது. புள்ளைங்க வரிசையா நின்னு வாய அசைச்சா போதும். ரெண்டு கிளாஸ் ரூம் கட்டித் தரேன்னு ஒருத்தர் வராரு. அவரு முன்னாடி மல்லாட்டையும் வேணாம், மண்ணும் வேணாம்.”

கெட்ட மனுஷர் இல்லை அவர். மழைக்கு ஒழுகும் வகுப்பில் குடை பிடித்துக்கொண்டு கணக்கு நடத்தியவர். அதனால்தான் அவரிடம் மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது. மே மாதம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு அடுத்த வருஷம் வேலை.

“சத்தம் வராம வாய அசைக்கிறதுக்கு நான் எதுக்கு சார் பாட்டு டீச்சரு?”

“அதான் நானும் யோசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மதிய இடைவேளையில் மதிலுக்கு மேலே ஒரு முக்காட்டுத் தலை தெரிந்தது. மில் களத்தில் நெல் காயவைக்கும் மீனம்பாள். அவள் மகள் தமிழினிதான் வகுப்பிலேயே தடித்த குரல்காரி.

“டீச்சரம்மா, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் மோட்டார ஓட்டச் சொல்லி மொதலாளிய கேக்கட்டா? என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாத இருக்குது அங்க.”

“வேணாம்கா. மில்லு பாட வேணாம். புள்ளைங்க பாடட்டும்.”

“எட்மாஸ்டரு பாட வுடமாட்டேன்றாராமே? வாய மட்டும் தொறக்கணுமாமே? எம்மவளுக்கு அது வராது டீச்சரம்மா. அது வாயத் தொறந்தா ஊருக்கே கேக்கும்.” மீனம்பாள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “கூலி கேக்கப் போனா எங்கள அப்படித்தான் நிக்க வெப்பாங்க” என்றாள்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் வெரோனிகா பிள்ளைகளைச் சிங்கவரம் ரோட்டில் கூட்டிப்போய், மில் சத்தம் எட்டாத ஒரு பாறை மேல் உட்காரவைத்தாள். வெயில் இறங்கியும் பாறை சுட்டது. கேட்டுப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. காற்றும் ஆடுகளும்தான்.

“டீச்சர், இங்க ஸ எங்க இருக்குது?” என்றான் நவீன்.

“நீ எங்க வெக்கிறியோ அங்க.”

“அப்போ இத்தினி நாளா மில்லுல இருந்தது?”

“அது மில்லோட ஸ. நாமதான் தப்பா எடுத்துகிட்டோம். நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். ஸ-வுக்குன்னு ஒரு எடம் கெடயாது. ஏணிய எங்க வேணா சாத்தலாம். ஆனா சாத்தினப்புறம் படிக்கும் படிக்கும் நடுவுல இருக்கற தூரம் மாறக் கூடாது. அதான் கணக்கு.”

“அப்போ யாரு சாத்துறது?”

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். வெரோனிகா எடுத்துக்கொடுக்கவில்லை. கொடுத்தால் மில்லுக்குப் பதில் டீச்சர், அவ்வளவுதானே. கடைசியில் தமிழினி எழுந்து பாவாடையில் மண்ணைத் தட்டிக்கொண்டு, தன் தொண்டைக்குச் சுகமான இடத்தில் ஒரு ஸ வைத்தாள். கீழே, கனமாக. மற்றவர்கள் தடுமாறி அதன்மேல் ஏறினார்கள். முதல் நாள் ‘ப’ வரைக்கும் போய்ச் சரிந்தது. மறுநாள் ‘நி’ வரை. சனிக்கிழமை அருள்ஜோதி தாவிப் போய் மேல் ஸ-வில் நின்றபோது பிள்ளைகள் கத்திய கத்தலில் ஆடுகள் மிரண்டு ஓடின. ஆடு மேய்த்த கிழவன் திட்டினான். அந்தத் திட்டையும் ஸ்வரத்தில் பாடிக் காட்டினான் நவீன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்துவிட்டது. விருந்தினர் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றதும் தலைமை ஆசிரியர் சவுண்டு சர்வீஸ் காமராஜைப் பார்த்துத் தலையசைத்தார். பென் டிரைவ் பாடத் தொடங்கியது. யாரோ ஒரு பெண், எங்கேயோ ஒரு குளிர்ந்த அறையில் நின்று, வருக வருக என்றாள்.

பிள்ளைகள் வாயை அசைக்கவில்லை.

வெரோனிகா அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அசையுங்கள் என்றும் சொல்லவில்லை, அசையாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு மொத்தமும் உதட்டை மூடிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தபடி நின்றது. பாட்டு அவர்கள் தலைக்கு மேலே தானாகப் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் மேடையோரம் வந்து விரல்களைக் கொக்கு மூக்கு மாதிரி திறந்து மூடிக் காட்டினார். “வாய... வாய...” பிறகு வெரோனிகாவைத் தேடிப் பார்த்தார். அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். மே மாதம் ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

பாட்டு தீர்ந்தது. கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பந்தல் உட்கார்ந்திருந்தது. இராமச்சந்திரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மைக்கோடு மேடை ஏறி, தமிழினியின் பக்கத்தில் வந்து நின்றார். “பெரியோர்களே, குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூச்சம்...” என்று ஆரம்பித்தார்.

தமிழினி ஸ வைத்தாள்.

கீழே, கனமாக. அவர் கையில் இருந்த மைக் அதை அப்படியே வாங்கிப் பந்தலின் நாலு மூலைக்கும் போட்டது. முன்வரிசைக்காரர் மாலையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து “அப்படி போடு!” என்று மீனம்பாள் குரல் வந்தது. தமிழினியின் மேல் ரி ஏறியது. அதன்மேல் க. இராமச்சந்திரன் சொல்லவந்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்து வைத்திருந்தார், சத்தம் வரவில்லை. மைக்கை இழுத்துக்கொள்வதா நீட்டுவதா என்று தெரியாமல் அவர் கை தமிழினியின் வாய்க்கும் தன் சட்டைப்பைக்கும் நடுவில் நின்றது. ம வந்து சேர்ந்தது.