குழாய் வாயோரம் நின்ற தண்ணீர்

மூத்த மகன் அப்பாவை உள்ளே வைத்து வாசல் கதவைப் பூட்டிய அன்று காலை, அந்தத் தெருவின் நாற்பத்திரண்டு வீட்டுக் குழாய்களிலும் தண்ணீர் வந்தது, ஆனால் விழவில்லை. குழாய் வாயிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கியபடி நின்றது. தொட்டால் குளிர்ந்தது. குடத்தை வைத்தால் அசையவில்லை. பொறியாளர் வந்து, குழாயில் காற்று அடைத்திருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். படித்த மனிதர், கண்ணால் பார்த்ததை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பூட்டி வைக்கப்பட்டவர் முப்பத்தொரு வருடம் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். தெருமுனைக் குழியில் இருக்கும் வால்வை நீளமான இரும்புச் சாவியால் திருப்புவது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அதை இயந்திரம் செய்தது. பழைய வால்வின் குழாயை வெட்டி அடைத்தும் விட்டார்கள். மறதி நோய் வந்ததும், ஓய்வு பெற்றதைத்தான் அவர் முதலில் மறந்தார். விடிகாலை ஐந்து மணிக்குச் சாவியோடு போய்ச் செத்த வால்வைத் திருப்பிவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி, தண்ணி வருது, புடிங்க என்பார். சில நாள் திரும்பும் வழி தெரியாமல் மார்க்கெட்டில் நின்றார். தூக்கம் கெடுகிறது என்று தெருவே திரண்டு வந்து முறையிட்டது. அவர் திறந்துவிட்ட தண்ணீரில் முப்பத்தொரு வருடம் குளித்த கூட்டம்தான்.

மூத்தவன் பாசக்காரன், அவனே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான். அப்பாவின் நல்லதுக்கு என்று பூட்டினான். அவர் அவனை மேலதிகாரி என்று நினைத்துக் கைகட்டி நின்றார்.

"சார், நான் ஒருநாள்கூட லேட்டா வந்ததில்லையே. என்னை ஏன் சார் வேலைக்கு விடமாட்டேங்கிறீங்க?"

மூத்தவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியூரில் இருந்த இளையவனோ தன் பங்குக்கு ஒரு பலகையில் ஆறு குழாய்களைப் பதித்து அனுப்பினான். திருப்பித் திருப்பிப் பொழுதைப் போக்கட்டுமாம். அவர் ஒன்றைத் திருப்பினார், பலகையில் காதை வைத்துக் கேட்டார், இதில் தண்ணீர் இல்லை என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் புத்தி மங்கியது யாருக்கு என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் வந்தது.

பிறகு அண்ணனும் தம்பியும் போனில் கலந்து பேசி, மாதக் கடைசியில் அவரை ஒரு இல்லத்தில் சேர்ப்பதென்று முடிவெடுத்தார்கள். அங்கே எல்லா அறைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். படிவத்தில் முதியவரின் விருப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'சம்மதம்' என்று மூத்தவனே எழுதினான், அழகான கையெழுத்தில்.

அவன் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். படிவத்தைப் படித்துவிட்டு, மாமாவிடம் யாராவது கேட்டீர்களா என்றாள். பெற்ற பிள்ளையையே தெரியாதவரிடம் என்னத்தைக் கேட்பது என்று சிரித்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பதிலுக்காக லீவு போட்டுவிட்டு மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் அவரிடம் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிக்கொண்டவர்கள். மூன்றாம் நாள் மாலை அவர் வாய் திறந்தார்.

"யாராவது கூட வந்தா போதும்மா. வழிதான் மறந்து போகுது."

அவள் படிவத்தைக் கிழித்துப் போட்டாள். மறுநாள் விடிகாலை பூட்டைத் திறந்து, சாவியின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அவளுமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் செத்த வால்வைத் திருப்பினார். நாற்பத்திரண்டு வீட்டிலும் தண்ணீர் கொட்டியது. நான் அப்பவே சொன்னேனே என்று மூத்தவன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். வெட்கம் என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆறு வருடம் ஆகிறது. இப்போது அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் போகிறாள். சாவி எது, தண்ணீர் எது என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. குழியருகே நிறுத்தி, "திறக்கட்டுமா மாமா?" என்று கேட்பாள். அவர் தலையசைத்தால் திருப்புவாள், தண்ணீர் விழும். அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் மூத்தவன் அவரைக் கூட்டிப்போய், கேட்காமலே திருப்பினான். தண்ணீர் வாயோரம் வந்து நின்றுகொண்டது. சோப்பு நுரையோடு நின்றவர்கள் அவனை வைத வசவு இங்கே எழுதத் தக்கதல்ல. அதிலிருந்து யாரும் அவசரப்படுவதில்லை. ஐந்து மணிக்குக் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சில நாள் அந்தத் தலை அசைய ஏழு மணி ஆகிறது.