கூரம் சாலையில் முப்பத்தைந்து டிகிரி

கூரத்துக்குப் போட்ட புதுச் சாலை தரமில்லை என்று ஊரார் மனு கொடுத்திருந்தார்கள். சோதிக்க வந்த இன்ஜினியர் ஏஞ்சல் அந்த ஊர்ப் பெண். மனு கொடுத்தவர்களுக்கு முன்நின்றவர் அவருடைய சித்தப்பா ராஜவேலு. சோதனைக்குப் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன்.

பின்சக்கரங்களுக்கு நடுவே நீளக் கம்பி ஒன்றைச் செருகுவார்கள். நான் வண்டியை மெல்ல நகர்த்துவேன். பாரத்தில் அமுங்கிய தார் மேலெழும். எவ்வளவு எழுகிறது என்று கம்பியின் மறுமுனையிலுள்ள முள் காட்டும். முள் அதிகம் ஓடினால் சாலைக்கு வலுவில்லை.

வழியில் டயர் வெடித்ததால் நாங்கள் போய்ச் சேரும்போது உச்சிவெயில். முதல் இடத்திலேயே முள் தாறுமாறாக ஓடியது. ஊரார் கைதட்டினார்கள். ஏஞ்சல் தாரில் சின்னத் துளை போட்டு, சூடு சரியாகத் தெரிய அதில் கிளிசரின் விட்டு, தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தார். ஐம்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. இந்தக் கணக்கு செல்லாது என்று சொல்லிவிட்டார்.

ராஜவேலுவின் முகம் சுருங்கியது. "நம்ம பொண்ணுன்னு நம்பிக்கினு இருந்தோம். காண்ட்ராக்டர் பக்கம் பேசறியேம்மா?"

"இந்தச் சூட்டுல நல்ல ரோடும் அமுங்கும் சித்தப்பா. இத எழுதினா ஆபீஸ்ல நாளைக்கே தள்ளுபடி பண்ணிடுவாங்க."

காண்ட்ராக்டரின் ஆள் சிரித்துக்கொண்டே, அப்படியானால் விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றான். அதற்கும் ஏஞ்சல் ஒப்பவில்லை. குளிரில் தார் விறைத்து, மோசமான சாலையும் நல்லதுபோல் காட்டுமாம். முப்பத்தைந்து டிகிரிக்குப் பக்கத்தில்தான் சோதிப்பேன் என்றார். இரண்டு பக்கமும் முறைத்தது.

மறுநாள் வெயில் ஏறத் தொடங்கியதும் சோதனை. ஒவ்வோர் இடத்திலும் சித்தப்பாவையே முள்ளைப் படிக்கச் சொன்னார். சாலை நன்றாகவே இருந்தது. ஏரிக்கரை வளைவுக்கு வந்ததும் முள் மறுபடி ஓடியது. ஏஞ்சல் சூட்டைப் பார்த்தார். முப்பத்தாறு. பக்கத்தில் இன்னும் இரண்டு இடம் பார்த்தார். அங்கும் அப்படியே.

"இது வெயில் இல்ல சித்தப்பா. ரோடேதான் மோசம். இத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது."

அடுத்த மாதமே அந்த வளைவைத் தோண்டினார்கள். ஜல்லிக்கு அடியில் வெறும் களிமண். புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

எத்தனையோ இன்ஜினியர்களுக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். சொந்த ஊரே கைதட்டும்போது அதை வேண்டாமென்று சொன்னவர் இவர் ஒருவர்தான். சோதனை முடிந்த அன்று ராஜவேலு எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார்.