தாய்மாமன் சீர்க் கண்ணாடி

நோட்டன் பிரிட்ஜ் ரோட்டு மேட்டில் வெடி மணி அடித்தது. ரோட்டை அகலமாக்க வெடி வைத்துப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மணி கேட்டதும் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காம்பரா அறையின் உட்பக்கம் ஓடினார்கள். காளியாயி மட்டும் அசையவில்லை. பகல் சாப்பாட்டுக்குக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கியவள், ஜன்னலோரத் தொட்டிலில் மகள் மீனம்மாவைத் தூங்கப்போட்டுவிட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைய தூக்குடி!" என்று பக்கத்துக் காம்பரா வேலாயி கத்தினாள்.

"எதுக்கு? எங்க ஜன்னலுக்கு எந்தம்பி போட்டது லொறிக் கண்ணாடி!"

"ஆமா, பெரிய தொரை பங்களா!"

காளியாயி சிரித்தாள். பெருமைப்படக் காரணம் இருந்தது. மகளின் காதுகுத்துக்கு அவள் தம்பி ஆண்டியப்பன், தேங்காய் பழத்தோடு ஒரு கண்ணாடியையும் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்திருந்தான். ஹட்டனில் கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை.

"சூடேத்தி இறுக்குன கண்ணாடிக்கா. கல்லு பட்டாலும் லேசுல ஒடையாது. ஒடைஞ்சாலும் கல்கண்டு மாதிரி கொட்டும்" என்றான். அதில் ஒட்டியிருந்த கம்பெனிக் காகிதத்தைச் சபையில் காட்டினான். வைர முனையால் சர்ரென்று அறுத்து, சட்டத்துக்கு அளவாகப் பொருத்தினான். லயமே வாயைப் பிளந்து பார்த்தது.

வெடி அதிர்ந்தது. முட்டையளவு கல் ஒன்று பறந்து வந்து ஜன்னலில் பட்டது. கண்ணாடி நீள நீளத் துண்டுகளாகத் தொட்டிலுக்குள் சரிந்தது.

தோட்ட ஆஸ்பத்திரியில் மீனம்மாவின் புருவத்தில் தையல் போட்டார்கள். "கொஞ்சம் கீழ எறங்கியிருந்தா கண்ணு போயிருக்கும்" என்றார் டாக்டர்.

செய்தி கேட்டு ஆண்டியப்பன் சாயங்கால பஸ்ஸில் ஓடிவந்தான். காளியாயியின் புருஷன் கந்தப்பன் உடைந்த துண்டுகளைச் சாக்கோடு அவன் முன்னால் கொட்டினான்.

"கல்லு லொறியோட கதவுக் கண்ணாடி ஒடைஞ்சப்ப புள்ளைங்க கையால அள்ளி வெளையாடுச்சுங்க மாப்ள. இது ஏன் கத்தி கத்தியா கெடக்கு?"

"கல்லு பெருசா இருந்திருக்கும் மச்சான்..."

"என் மூஞ்சியப் பாத்து சொல்லுடா" என்றாள் காளியாயி.

அவன் தலை குனிந்தான். "அந்தக் கண்ணாடிய செஞ்சப்புறம் அறுக்க முடியாதுக்கா. அறுத்தா முழுசும் பொடிஞ்சு கொட்டிரும். மொதல்லயே அளவு குடுத்து, கொழும்புக்கு எழுதி வரவழைக்கணும். காதுகுத்துக்குள்ள வரல. சபையில வெறுங்கையோட நிக்க முடியுமா? சாதாக் கண்ணாடியத்தான் கொண்டாந்தேன்."

"கம்பெனிக் காகிதம்?" என்றான் கந்தப்பன்.

"அது நான் ஒட்டுனது. அசலா இருந்தா மூலையில முத்திரை பதிஞ்சிருக்கும். நகத்தால சொரண்டுனாலும் போகாது."

"அப்ப எங்கண்ணு முன்னாலயே எந்தத் தைரியத்துலடா அறுத்த?"

"ஒனக்கு வெவரம் தெரியாதுன்னுதான்க்கா..."

காளியாயிக்கு அழுகைகூட வரவில்லை. ஊரார் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இவனைச் சின்ன வயதில் இடுப்பில் சுமந்தவள் அவள்.

"வெறுங்கையோட வந்திருந்தா, மணி அடிச்சதும் புள்ளைய தூக்கிட்டு ஓடியிருப்பேன்டா. ஒன்ன நம்பித்தான் தொட்டில்லயே விட்டேன்."

"அக்கா, அடுத்த மாசம் அசலையே கொண்டாறேன்..."

"கொண்டா. மூலையில முத்திரை இருக்கான்னு நகத்தால சொரண்டிப் பாத்துட்டுத்தான் மாட்ட விடுவேன்" என்றாள் காளியாயி. பிறகு வாசலில் கூடி நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்களும் கேட்டுக்குங்கடி. புள்ள உசுரக் காக்குற சாமான வாங்குறப்ப, குடுக்குறவன் யாருன்னு பாத்து ஏமாறாதீங்க. கூடப்பொறந்தவனே குடுத்தாலும் சோதிச்சு வாங்குங்க!"