மூன்றாவது வண்டியின் கிளட்ச்

அன்று காலை பதினொரு மணிக்கு அந்தப் பழைய வண்டிச் சந்தையில் இருந்தவர்கள்: என் அக்கா, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி. அவள் புருஷன், அதாவது என் மாமா, தண்ணீர் கேன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் டிரைவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் ஒரு மெக்கானிக். அதனாலேயே அவருக்குக் காது என்று பெயர். வண்டிகளை விற்கும் தரகர். அப்புறம் நான். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தேன். படிப்பைப் பாதியில் விட்டவன். வண்டியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சும்மா துணைக்கு வாடா என்றாள் அக்கா.

விஷயம் இதுதான். கம்பெனி தன் வண்டிகளை எல்லாம் விற்றுவிட்டது. சொந்த வண்டியோடு வருகிற டிரைவருக்கு அவனுடைய பழைய ரூட் கிடைக்கும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டது. திங்கட்கிழமைதான் கெடு. அன்று சனி. மாமாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. வண்டி ஓட்டுவதைத் தவிர அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டக்கூட அக்காதான்.

அக்கா ஒரு நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தாள். ஒரு நடைக்கு அறுபது கேன், கேனுக்கு இருபது கிலோ. மாமாவின் ரூட்டில் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் சந்தின் அகலம் ஆறரை அடி. பின்பலகை இடுப்புக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது, மாமாவுக்கு முதுகுவலி. இப்படி ஏழு தேவைகள். சந்தின் அகலத்தை அவளே டேப் பிடித்து அளந்திருக்கிறாள்.

முதல் வண்டி வெள்ளை. காது பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"காலையிலேயே ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டீங்க போல. ஆறிப்போனா கிளம்பாதோ?"

"வெயில்ல சூடாயிருக்கும்ணே" என்றார் தரகர்.

"வண்டி நிழல்ல நிக்குது."

காது மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். சேஸிஸில் ஒட்டு இருந்தது. ஒரு ஜாண் நீளத்துக்கு வெல்டிங், மேலே கறுப்புப் பெயின்ட். அறுபது கேன் ஏற்றினால் நடுவில் மடங்கிவிடும் என்றார்.

இரண்டாவது நீலம். பார்க்கப் புதுசு. ஆனால் பின்பக்கம் குட்டி. கேனை மூன்று அடுக்கு வைக்க வேண்டியிருக்கும், திருப்பத்தில் மேலடுக்கு ரோட்டில் கிடக்கும். அக்கா நோட்டைப் பார்த்து வேண்டாம் என்றாள். மாமா டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம், வேண்டாம் என்றார்.

"ஏம்மா, நீங்க வண்டி வாங்க வந்தீங்களா, வைத்தியம் பார்க்க வந்தீங்களா?" என்றார் தரகர்.

"நோயாளியைத் தலையில கட்டாம இருந்தா நாங்க ஏன் வைத்தியம் பார்க்கறோம்?" என்றாள் அக்கா. அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு.

மூன்றாவது சாம்பல் நிறம். மெத்தைக் கடையில் ஓடிய வண்டி. காது அதோடு அரை மணி நேரம் இருந்தார். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து முகத்தை வைத்துப் பார்த்தார். புகை இல்லை. அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைத் தட்டினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாரமே பார்க்காத வண்டி. இதைக் கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்."

அக்கா நோட்டில் ஏழு கோடு போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை.

"ஓட்டிப் பாருங்க" என்றாள் மாமாவிடம்.

முதல் இரண்டு வண்டிகளிலும் அவர் டிரைவர் சீட்டில் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது ஏறினார். கதவுக் கம்பியைப் பிடித்து, வலது காலை வைத்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். வண்டி கிளம்பி உடனே நின்றது. மறுபடி கிளம்பி, மறுபடி நின்றது. மூன்றாம் தடவை ஒரு குதி குதித்து ஓட ஆரம்பித்தது. ஓட ஆரம்பித்த பிறகு எல்லாம் சரியாக இருந்தது. ஒரு முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு அந்த மைதானத்தை மூன்று சுற்று வந்தார். எதிரே நின்ற வண்டிகளுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நுழைந்து வெளியே வந்தார். அந்த மூன்று சுற்றும் அவர் பழைய மாமாதான்.

பிறகு ரிவர்ஸ் எடுத்தார். அக்கா பின்னால் நின்று, வாங்க வாங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொள்ள என் பக்கம் இரண்டு எட்டு வந்தாள். வண்டி உறுமிக்கொண்டு பின்னால் பாய்ந்து, அவள் நின்றிருந்த இடத்தைத் தாண்டி, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் மோதி நின்றது. மேல் டயர் உருண்டு போய் வேலியில் சாய்ந்தது.

மாமா இறங்கினார்.

"கிளட்ச் போச்சு" என்றார். "காது, உனக்கு வயசாயிடுச்சு. இதையா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கச் சொன்னே?"

காது ஏறி, வண்டியை முன்னால் கொண்டுபோய், பின்னால் கொண்டுவந்து, நிறுத்தினார். "வெண்ணெய் மாதிரி இருக்கு."

"எனக்கே சொல்லித் தர்றியா? நீ ஸ்பானர் பிடிக்கறதுக்கு முன்னாடி நான் ஸ்டியரிங் பிடிச்சவன்."

மாமா கோபமாக வாசல் பக்கம் நடந்தார். மண்டையைப் பிளக்கிற வெயில். கீழே சரளைக்கல், இரும்புத்தூள், உடைந்த விளக்குக் கண்ணாடி. அவருடைய இடது கால் வெறுங்காலாக இருந்தது. கம்பளத்தில் நடப்பதுபோல நடந்து போனார். செருப்பு கிளட்ச் பெடலுக்கு அடியில் கிடந்தது. காது அதை இரண்டு விரலால் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"சர்க்கரையா?"

"ஆமா."

"கால் உணர்ச்சி போயிடுச்சு. பெடல் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியல. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா அடிக்க வருவார்."

போன மாதம் அவர் குதிகாலில் இருந்து ஒரு ஆணியைப் பிடுங்கியவன் நான். எப்ப குத்துச்சு மாமா என்று கேட்டேன். தெரியலையே என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அக்காவிடம் போய்ச் செருப்பைக் கொடுத்துச் சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ராத்திரி மரத்துப்போகுதுன்னு சொல்வார். தேய்ச்சு விடுவேன். இவ்வளவு தூரம்னு தெரியாதுடா."

முதுகு அந்த நோட்டில் இருந்தது. சந்து இருந்தது. கால் இல்லை.

மாமா திரும்பி வந்தார். அக்கா செருப்பைக் கீழே போட்டாள். எந்தக் காலுக்கு என்று பார்க்க அவர் குனிந்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"காட்டிக் கொடுத்துட்டே, மாப்ள."

"இன்னும் ரெண்டு செகண்ட் முன்னாடின்னா அக்காவைத் தூக்கிட்டுத்தான் போயிருக்கணும் மாமா."

"தூக்கலையே."

அக்கா தரகரிடம் கேட்டாள்: "கிளட்ச் இல்லாத வண்டி இருக்கா?"

"இருக்கும்மா, கார். நாலு கேன் ஏத்தலாம். பின்சீட்ல உக்கார வெச்சு, பெல்ட்டும் போட்டு விடலாம்."

ஆள் வைத்து ஓட்டலாமா என்று அவள் வாய்விட்டே யோசித்தாள். அவன் கூலிக்கும் டீசலுக்கும் ரூட்டில் வருகிற பணம் சரியாகப் போய்விடும். பிறகு என்னைப் பார்த்தாள். துணை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"நீ ஓட்டேன்டா."

டிரைவிங் பள்ளிக்கு நான் ஆறு நாள் போனவன். லைசென்ஸ் வாங்க இரண்டு மாதம் ஆகும். கெடு இரண்டு நாளில். இதைச் சொல்லும் முன் மாமா சொன்னார்: "இவனா? ஒரு சினிமாவையே முழுசா உக்காந்து பார்க்க மாட்டான்."

நான் மறுக்கவில்லை. உண்மைதான்.

கிளம்பும்போது தரகர் மாமாவின் தோளைத் தொட்டார். "ஆறு மணி வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். நீங்க தனியா வாங்க அண்ணே. கையெழுத்துப் போட்டுட்டு ஓட்டிட்டுப் போங்க, பணம் அப்புறம் பார்த்துக்கலாம்." மெதுவாகத்தான் சொன்னார். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

பஸ்ஸில் மாமா எனக்கு முன்சீட்டில் இருந்தார். இடது காலால் தரையை அழுத்தினார், குனிந்து பார்த்தார், எடுத்தார், மறுபடி அழுத்தினார். இறங்கும் வரை அதையே செய்தார்.

வீட்டில் அக்கா அவர் காலைக் கழுவினாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஒன்று புதைந்திருந்தது. எடுத்தபோது ரத்தம் வந்தது. அவர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார்.

"குனிஞ்சு பார்த்து மிதிச்சா ஒரு பிரச்னையும் இல்ல. பழகினா ஒரு வாரத்துல வந்துடும்."

"நீங்க காலைப் பார்த்துக்கிட்டிருந்தா ரோட்டை யார் பார்ப்பா?" என்றாள் அக்கா.

"நீ பக்கத்துல உக்காந்து பாரேன்." சிரிக்கப் பார்த்தார். "அஞ்சு மணிக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன். திங்கக்கிழமை காலையில வாசல்ல நிக்கும். வேணும்னா பாரு."

அவர் கண்களில் விளையாட்டு இல்லை. நிச்சயம் போவார். அவருடைய ரூட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

அக்கா கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவினாள். கைப்பையை எடுத்தாள்.

"எங்க?"

"கம்பெனிக்கு. ரூட்டை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிட்டு வர்றேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். "அப்படிச் சொல்லாத. உடம்பு சரியில்ல, ஒரு வாரம் டைம் குடுங்கன்னு கேளு. அவ்வளவுதான் கேட்கறேன்."

"கேட்டா குடுத்துடுவாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. ஆனா கேளு."

அவள் என்னை வெளியே வரச் சொன்னாள். வந்தேன். உள்ளே அவர் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து, கதவை நோக்கி.

"கொஞ்சம் இரு, நானும் வர்றேன்" என்றார்.

அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.