முதலாளி வீட்டுச் சீமை ரோஜா

எங்கள் விவசாயக் கல்லூரி விரிவுரையாளர் பொன்னுத்துரைக்கு எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் ஒரே வார்த்தைதான்: எக்ஸலண்ட். சொந்தக்காரர் எவ்வளவு பெரிய ஆளோ அதற்குத் தக்கபடி அந்த வார்த்தை இழுபடும். அவருடைய தோட்டக்கலை அவ்வளவுதான்.

1962-ல் இரண்டாம் வருஷ மாணவர்களான எங்களைப் புகழ்பெற்ற தோட்டங்களைக் காட்டுகிறேன் என்று பஸ்ஸில் ஏற்றித் திண்டுக்கல் பக்கம் கூட்டிப்போனார். முதலில் வத்தலக்குண்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வீடு. தாலுகா கச்சேரியில் குமாஸ்தாக்களை உட்கார வைத்த மாதிரி குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். எக்ஸலண்ட். அடுத்து கன்னிவாடியில் ஒரு மிராசுதார். அங்கே செடிகளைவிட சிமெண்டுக் கொக்குகள் அதிகம். கொக்கு வாயிலிருந்து தண்ணீர் கொட்டுமாம். நாங்கள் போனபோது கொட்டவில்லை. அதுவும் எக்ஸலண்ட். மதிலுக்கு வெளியே அவருடைய கத்தரித் தோட்டம் கிளை கிளையாகத் தரையில் சாய்கிற அளவுக்குக் காய்த்துக் கிடந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னோடு படித்தவர்கள் அவருக்கேற்ற சிஷ்யர்கள். பாதிப் பேருக்கு மண்வெட்டியைப் பிடிக்கத் தெரியாது. படித்து முடித்தால் சர்க்கார் உத்தியோகம், ஜீப்பு, பியூன். காலையிலிருந்து அவர்கள் பேசியதெல்லாம் மூன்றாவது தோட்டத்தைப் பற்றித்தான். அங்கே மத்தியானம் பிரியாணி என்று எவனோ சொல்லியிருந்தான்.

மூன்றாவது தோட்டம் திண்டுக்கல் எல்லையில், மில் முதலாளி நாச்சிமுத்துவின் பங்களாவில் இருந்தது. பங்களாவுக்கு எதிரேயே மில். முதலாளி பட்டு ஜிப்பாவில் வாசலுக்கே வந்து எங்களை வரவேற்றார். நேராக ரோஜாப் பாத்திக்குக் கூட்டிப்போனார். சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி. 'இம்பீரியல் பிங்க், இங்கிலாந்து' என்று பித்தளைப் பலகை. பெங்களூரிலிருந்து ரயிலில் தனிப் பெட்டியில் வரவழைத்த ஒட்டுச் செடிகளாம். இந்த ஜில்லாவிலேயே வேறு யாரிடமும் கிடையாதாம்.

நான் குனிந்து ஒரு பூவை மோந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் மாலை கட்டப் பறிக்கிற பன்னீர் ரோஜா அது. எங்கள் வீட்டு வேலியில் ஆடு கடித்தது போக மிச்சம் பூப்பது. அதற்குப் பித்தளைப் பலகை.

"எக்ஸலண்ட்" என்றார் பொன்னுத்துரை. அன்றைக்கு இருந்ததிலேயே நீளமான எக்ஸலண்ட் அதுதான்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். மில் வாசலில் பூ விற்கிற பேச்சாயி. அவள் கூடையில் இதே பூ.

"ரொம்ப நாளா எனக்குச் சந்தேகம் முதலாளி. நம்ம பூவைப் பறிச்சு நம்ம மில்லு வாசல்லயே விக்கிறா."

"எங்க வேலியில பூத்ததுய்யா" என்றாள் பேச்சாயி. பயத்தில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை.

முதலாளி அவளைப் பார்க்கவே இல்லை. பொன்னுத்துரை பக்கம் திரும்பினார். "நல்லவேளை, படிச்சவுக வந்திருக்கீக. நீங்களே சொல்லுங்க. ரெண்டும் ஒரே பூவா?"

பொன்னுத்துரை இரண்டையும் மோந்தார். "ஒரே பூதான்."

"என் செடி இங்கிலாந்துச் செடிதான?"

"அதிலென்ன சந்தேகம்?"

முடிந்தது. இரண்டே பதிலில் ஒருத்தியைத் திருடியாக்கிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோ என்று முதலாளி சொன்னார். என் சகாக்கள் நாற்பது பேரும் பங்களாவின் பின்பக்கத்திலிருந்து வந்த மசாலா வாசனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சோறு கண்ட இடம் சொர்க்கம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலியைத் தாண்டி உள்ளே போய் ஒரு செடியின் அடியில் மண்ணை விலக்கினேன்.

"சார், போன மாசம் நீங்க வகுப்புல நடத்துனதுதான் இது. நாட்டு ரோஜாத் தண்டுல சீமை ரோஜா மொட்டை வச்சு ஒட்டுக் கட்டுவாக. ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா உடனே கிள்ளிப்புடணும். இல்லேன்னா நாட்டுச்செடி வளந்து சீமைச்செடியைச் சாகடிச்சிரும். இந்தா பாருங்க, ஒட்டு. அதுக்கு மேல கருகிப்போன கட்டை. இப்பப் பூத்திருக்கிறது பூராவும் கீழ இருந்து வந்தது. பன்னீர் ரோஜா."

"ஏலே, வாயை மூடு" என்றார் பொன்னுத்துரை. மெதுவாகத்தான் சொன்னார். என் செய்முறை மார்க்கு அவர் கையில் இருந்தது.

முதலாளி தன் தோட்டக்காரர் அக்பர் அலியை முறைத்தார். அக்பர் அலி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "மேல வந்த கிளை நோஞ்சானா இருந்துச்சு முதலாளி. கீழ வந்தது கொழுகொழுன்னு வந்துச்சு. நோஞ்சானை வெட்டி எறிடான்னு நீங்கதான சொன்னீக."

காசைக் கொட்டி வாங்கிய சீமை ரோஜாவைத் தன் வாயாலேயே வெட்டச் சொல்லிவிட்டு, மிஞ்சிய நாட்டுத் தண்டுக்குப் பலகை மாட்டிய மனிதர் அந்தப் பலகையை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜிப்பாவை நீவிவிட்டுக்கொண்டார்.

"சரி, போகட்டும். ஏழை. தெரியாம எடுத்திருப்பா. மன்னிச்சுட்டேன், விட்டுரு."

"முதலாளிக்குப் பெரிய மனசு" என்றார் பொன்னுத்துரை. என் வகுப்பு கை தட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்; அதற்குக் கைதட்டலும் உண்டு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாட்ச்மேன் கையை விட்டும் பேச்சாயி நகரவில்லை.

"மன்னிக்கிறதுக்கு நான் என்னத்தை எடுத்தேன்? எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க முதலாளி, போயிர்றேன். நாளைக்கும் நான் இந்த வாசல்லதான் பூ விக்கணும். திருடிகிட்ட எவ பூ வாங்குவா?"

முதலாளி உள்ளே போனார். பின்னாலேயே பொன்னுத்துரை. அவர் பின்னால் நாற்பது வயிறுகள். பேச்சாயி வெளியே போய் கேட்டுக்கு எதிரே கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ போய்ச் சாப்பிடு அப்பு" என்றாள்.

"வேண்டாங்க்கா."



வெற்றிலை போட்ட வாயோடு முதலாளியும் பொன்னுத்துரையும் வராந்தாவுக்கு வந்தபோது மில் சங்கு ஊதியது. ஷிப்டு முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். பஞ்சுத் தூசி படிந்த தலைகள். காலையில் பேச்சாயியிடம் வாங்கிய பூ அநேகமாக எல்லாத் தலையிலும் இருந்தது. தினமும் அவர் கண்முன்னால் போகிற தலைகள்தான். அன்றைக்குத்தான் முதலாளி அவற்றைப் பார்த்தார். தன் பாத்தியைப் பார்த்தார். மறுபடி அந்தத் தலைகளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அக்பர் அலி, எல்லாத்தையும் பிடுங்கி வெளியே எறி."

நன்றாகப் பூத்துக் குலுங்குகிற செடிகள். அவருடைய கூலிக்காரி வைக்கிற பூ அவர் தோட்டத்தில் இருக்கக்கூடாது. பூவே இல்லாத வெறும் மண்கூட அவருக்குத் தேவலை. பொன்னுத்துரை அதற்கும் தலையாட்டினார். அக்பர் அலி ஒவ்வொன்றாகக் கடப்பாரை போட்டுக் கெல்லி, வேரும் மண்ணுமாக மதிலுக்கு வெளியே எறிந்தார்.

பேச்சாயி எழுந்தாள். கூடையிலிருந்த பூவை மடியில் கொட்டிக்கொண்டாள். என்ன என்று கேட்டபடி மில் பெண்கள் அவளைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவள் முதல் செடியைத் தூக்கி வேர் மண்ணைத் தட்டாமல் கூடைக்குள் வைத்தாள். பிறகு வராந்தாவைப் பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை குரல் நன்றாக எழும்பியது.

"முதலாளி, எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இப்பத்தான் எடுக்கிறேன்."